சுவருக்கும் ஆட்டுக்கும் நடுவே

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் கடல் நான்கு மணி பத்து நிமிடம் வற்றிக் கிடக்கும். மூன்று மாதம் கைபேசியில் நேரம் பிடித்து நான் எடுத்த சராசரி இது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்குவதிலிருந்து மறுபடி இடுப்புக்கு ஏறும் வரை. அதற்குள் இருபத்து மூன்று பெண்கள் கடலுக்குள் முளையடித்துக் கட்டிய கயிறுகளில் பாசியை அறுக்க வேண்டும், புதுப் பாசித் துண்டுகளைக் கட்ட வேண்டும், மூட்டையைத் தலையில் ஏற்றிக் கரைக்கு வந்துவிட வேண்டும்.

சுவர் வந்த பிறகு இந்தக் கணக்கு கெட்டுப்போனது. முன்பு காலி மனை ஒன்றின் குறுக்கே புளியமரத்தடி வழியாக நடந்தால் ஆறு நிமிடத்தில் மணல். போன வருடம் மனைக்காரர் சுற்றிலும் சுவர் எழுப்பினார். இப்போது ஐந்து பங்களாக்களையும் ஒரு ஹோட்டலையும் சுற்றிப் போய், கரையோரமாகத் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு பாறைமுனை. கடல் வற்றினால்தான் அதைத் தாண்ட முடியும். போக ஐம்பது நிமிடம், ஈரமூட்டையோடு திரும்ப ஒரு மணி பத்து நிமிடம். வேலைக்கு மிச்சம் இரண்டு மணி பத்து நிமிடம்.

அதில் பாதிக் கயிறுதான் முடியும். மீதிப் பாசி எங்களுக்காகக் காத்திருக்காது. முற்றி, வெளுத்து, கயிற்றை விட்டு நழுவிப் போய்விடும். போன வருடம் அப்படி எவ்வளவு போனது என்று யாரும் சொல்வதில்லை. மேஜுமா அத்தையைத் தவிர. அவர் எல்லாவற்றையும் சொல்வார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாசிச் சங்கத்தின் தலைவி. அவர் பேச ஆரம்பித்தால் தென்னையில் இருக்கும் காகங்கள் கிளம்பிவிடும். நான் சங்கத்தின் செயலாளர். இயற்பியலில் பட்டம் வாங்கி, மொம்பாசாவில் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியபோது, "எழுதத் தெரிஞ்சவ, பேசத் தெரியாதவ, செயலாளருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அத்தை என்னை நியமித்தார். யாரும் ஓட்டுப் போடவில்லை.

சுவர் கட்டியவர் ஊர்ஸ் என்கிற ஸ்விட்சர்லாந்துக்காரர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். கூட்டங்களில் அவர் பெயர் பல்லு.

"பல்லப் புடுங்கறவன் வழியையும் புடுங்கிட்டானே!" என்பார் அத்தை.

"அக்கா, வாயத் தொறங்கன்னு சொல்லியே பொழச்ச மனுஷன். நாம கதவத் தொறன்னா மட்டும் மாட்டேங்கறான்," என்பாள் நிம்வாகா. பக்கத்து வீட்டுக்காரி. அத்தைக்கு அடுத்த பெரிய குரல் அவளுடையது.

நில அலுவலகத்துக்கு நான்கு தடவை அலைந்து பழைய வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கி வந்தேன். எண்பத்தெட்டாம் மனைக்கும் எண்பத்தொன்பதாம் மனைக்கும் நடுவே, சாலையிலிருந்து கடல் வரை, ஆறு மீட்டர் அகலத்தில் இரண்டு கோடுகள். பொதுவழி. எண்பத்தெட்டு ஊர்ஸுடையது. எண்பத்தொன்பது எங்கள் அத்தையுடையது. அத்தையின் வளவு ஊர்ஸின் சுவரில்தான் போய் முடிகிறது. நடுவில் வழி எதுவும் கிடையாது. ஆகவே வழி சுவருக்குள் இருக்கிறது. கூட்டத்தில் குலவை போட்டார்கள். நான் மனு எழுதினேன். பதினைந்து நாளில் பதில் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருவார் என்று. அரசாங்கம் இவ்வளவு வேகமாகப் பதில் போட்டது அத்தைக்குச் சந்தேகமாக இருந்தது. "ஆள் மாறி வந்திருக்கும். உள்ள யாரு பேரு போட்டிருக்கு, பாருடி," என்றார்.

கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சர்வேயர் வரப் பதினொரு நாள் இருந்தது. அன்று மதியமே ஊர்ஸ் ஆள் அனுப்பி எங்கள் மூவரையும் அழைத்தார். அத்தை, நிம்வாகா, நான். தோட்டத்தில் நாற்காலி போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. நிம்வாகா ஒரு வாய் குடித்துவிட்டு வாழைக்கன்றுக்கு ஊற்றினாள்.

ஊர்ஸ் எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். "அம்மையீர், தங்கள் துயரத்தை நான் அறிவேன். ஆயினும் என் சுவர் எவருடைய நிலத்திலும் இல்லை. தயவுசெய்து இதனைக் காணுங்கள்," என்று சுவரின் மூலைக்குக் கூட்டிப்போனார்.

சுவரையொட்டி வெளிப்பக்கமாகத் தரையில் ஒரு சிமெண்ட் கல். சதுரமாக, பானையின் அடிப்பாகம் அளவுக்கு. மேலே பி 416 என்று செதுக்கியிருந்தது. அதைச் சுற்றி அவர் வெள்ளைக் கூழாங்கல் பதித்திருந்தார்.

"என் எல்லைக் கல் இது. என் சுவர் இதிலிருந்து பதினொரு சென்டிமீட்டர் உட்புறமாக உள்ளது. அப்பதினொரு சென்டிமீட்டரை நான் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்துள்ளேன்."

"பதினோரு சென்டிமீட்டர்ல யாரு போவா? எலியா?" என்றாள் நிம்வாகா.

"இந்தக் கல்ல நீயே ராவோட ராவா நகட்டி வெச்சிருப்பே. செவ்வாக்கெழம வர்றாங்க. அப்பத் தெரியும் உன் வண்டவாளம்," என்றார் அத்தை.

"வண்டவாளம் என்றால் என்ன?" என்று ஊர்ஸ் என்னிடம் கேட்டார். குறித்துக்கொள்ளப் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அடுப்புக்கல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கரை முழுக்கப் பவழப்பாறை. வீடு கட்ட நல்லது, அடுப்புக்கு உதவாது. சூடு ஏறினால் வெடிக்கும், இல்லாவிட்டால் சுண்ணாம்பாக உதிரும். நிம்வாகாவின் கல்யாணத்தன்று அடுப்புக்கல் வெடித்து முழு ஆட்டுக்கறியும் மணலுக்குப் போனது. அதைப் பற்றி இன்னமும் பேசுகிறார்கள், மாப்பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் கெட்டியான கல் எங்கே கிடந்தாலும் அது யாராவது ஒருத்தி வீட்டுக்குப் போய்விடும். மூன்றும் ஒரே மாதிரி கிடைத்தால் அதிர்ஷ்டம். அத்தையின் அடுப்பில் இரண்டு கற்கள் பழைய பாலத்திலிருந்து வந்தவை. மூன்றாவது கல் தனி. சதுரமாக இருக்கும்.

அன்று மாலை அத்தை தேங்காய்ப்பால் சோற்றுக்கு உலை வைத்திருந்தார். விறகு வெட்டப் பின்பக்கம் போன நேரத்தில் நான் அந்தக் கல்லின் பக்கவாட்டில் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தேன். கல்லை ஒருக்களித்துப் போட்டிருந்தார்கள். மேல்முகம் என் பக்கம் இருந்தது. கரி விலகியது. முதலில் நான்கு. அப்புறம் ஒன்று. அப்புறம் ஏழு.

வரைபடத்தில் வழியின் இந்தப் பக்கத்து மூலையில் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எழுதியிருப்பது பி 417.

கல்லைப் பிடுங்கினாலும் அடியில் ஒரு இரும்புக் கம்பி நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான்காம் தடவை போனபோது நில அலுவலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்களுடைய கையேட்டைப் படித்திருந்தேன். அத்தையின் வளவில் தரையிலிருந்து ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆடு கட்ட. ஆட்டின் பெயர் மந்திரி. கிடைத்ததையெல்லாம் தின்பதால் அந்தப் பெயர்.

மறுநாள் எல்லோரும் கடலில் இருந்தபோது வயிற்றுவலி என்று சொல்லித் தங்கிவிட்டேன். அளவுநாடாவின் ஒரு முனையை ஊர்ஸின் சுவரில் வைத்து, மறுமுனையை ஆட்டிடம் கொண்டுபோனேன். ஆறு மீட்டர் பதினொரு சென்டிமீட்டர். மந்திரி நாடாவைத் தின்னப் பார்த்தது. பிடுங்கி மறுபடி அளந்தேன். அதேதான்.

சுவருக்கும் ஆட்டுக்கும் நடுவே மூன்று விஷயங்கள் கடலுக்குப் போகும் இடைவெளியை அடைத்து நின்றன; ஆட்டுக்கு அந்தப் பக்கம் வீடும் வேலியும். சுவரில் சாய்ந்தபடி ஓலைச் சமையல்கட்டு. ஆட்டுக்குப் பக்கம் கோழிக்கூடு. சரியாக நடுவில் கக்கூஸ்.

அது சாதாரணக் கக்கூஸ் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு அத்தை தானே நின்று கட்டியது. தரையில் ஓடு, நீலநிறக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், கதவுக்கு மேலே காற்று வர வெட்டிய ஒரு நட்சத்திரம். விருந்தாளி யார் வந்தாலும் தேவை இருக்கிறதோ இல்லையோ ஒரு தடவை உள்ளே அனுப்பிவிடுவார். வெளியே நின்று, "தரை ஓட்டப் பாத்தியா? வழுக்குதா? வழுக்காதே!" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு வருடமாக அத்தை சுவரைப் பார்த்துத் திட்டிய திட்டெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிட முடிவு செய்தேன். வாயால் வராது, அதனால் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். மூன்றாவது தீர்மானத்துக்குக் கீழே, ஒரே வரியில். அத்தைக்கு எழுத்து தெரியாது, ஆனால் குறிப்பு முழுவதையும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

வாசித்தேன். முதல் தீர்மானம், கயிறு வாங்குவது. இரண்டாவது, கயிறு திருடினவளைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, சர்வேயருக்கு என்ன சமைப்பது. அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினேன்.

"என்னடி நிறுத்திட்டே? கீழ இன்னும் ஒரு வரி இருக்குல்ல?" என்றார் அத்தை. படிக்கத் தெரியாது, வரியை எண்ணத் தெரியும்.

"கூட்டம் நன்றியுடன் முடிந்தது," என்று வாசித்தேன்.

"நல்லா எழுதறாடி," என்றார் அத்தை நிம்வாகாவிடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் நன்றியுடன் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். சர்வேயர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். பெயர் முதிண்டா. மெலிந்த மனிதர், முக்காலி ஒன்றைத் தோளில் குழந்தைபோல் சாய்த்திருந்தார். எட்டு ஐம்பதுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும். பெண்கள் எல்லோரும் கத்தியும் கோணியுமாக லேசோத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சுவர் இடிந்ததும் நேராகக் கடலுக்குப் போகும் உத்தேசம். ஊர்ஸ் கஞ்சி போட்ட சட்டையில் கோப்பு ஒன்றுடன் வந்தார். அத்தை முதலில் சர்வேயரைக் கக்கூஸுக்கு அனுப்பினார்.

"வழுக்குதா?"

"இல்லம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முதிண்டா 416-ஆம் கல்லைப் பார்த்தார், சுற்றியிருந்த கூழாங்கல்லையும் பார்த்தார். "இவ்வளவு மரியாதையோட ஒரு கல்ல நான் பாத்ததே இல்ல. சரி, 417 எங்க?"

முதிண்டா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கல்லு நகந்திருக்குன்னு நீங்க சொல்றீங்க. நகரலன்னு இவரு சொல்றாரு. 417 கெடைச்சா ரெண்டுக்கும் நடுவுல அளந்துடலாம். ஆறு மீட்டர் இருந்துச்சுன்னா இது நகரல."

"நகந்துச்சு. நானே பாத்தேன்," என்றாள் நிம்வாகா.

"எப்பம்மா பாத்தீங்க?"

"அது நகரும்போது."

அரைமணி நேரம் தேடினார்கள். வேலியோரம் கொத்தினார்கள், கோழிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். முதிண்டா சலித்துப்போய் உட்கார்ந்து டீ குடித்தார். "முப்பது வருஷமா இந்தக் கரையில கல்லு தேடறேன். பாதிக் கல்லு பொம்பளைங்க அடுப்புலதான் கெடைச்சுது. ஒண்ணு பள்ளிவாசல்ல, கால் கழுவற எடத்துல. இமாம் அதுமேல நின்னுக்கிட்டே இங்க கல்லே இல்லன்னு சத்தியம் பண்ணாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைதான் அதிகமாகச் சிரித்தார். "அரசாங்கத்துக் கல்ல அடுப்புல வெப்பாளா ஒருத்தி? எந்தக் கழுதைடி அது?"

"கெடைக்கலன்னா, அடையாளம் காண முடியலன்னு எழுதிட்டுப் போயிருவேன்," என்று முதிண்டா பேனாவைத் திறந்தார். "அப்பறம் நீங்களும் அவரும் கோர்ட்டுல பாத்துக்கங்க."

பேனா காகிதத்தில் இறங்கியது. அதன் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி முடிந்தால் வழி முடிந்தது.

"இருக்கு," என்றேன்.

அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லோரும் நிம்வாகாவைப் பார்த்தார்கள், அவள்தான் பேசியிருப்பாள் என்று.

"கல் இருக்கு. அத்தையோட அடுப்புல. மூணாவது கல்லு."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் உலை கொதித்திருக்கும். "நீ இயற்பியல் படிச்சது இதுக்குத்தானாடி?"

முதிண்டா சமையல்கட்டுக்குள் போனார். சோற்றுப்பானையை இறக்கி வைத்து, சாக்கைப் பிடித்துக்கொண்டு சுடச்சுடக் கல்லை வெளியே உருட்டினார். என் கட்டைவிரல் தேய்த்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அவர் எண்ணைப் படித்தார். சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

"கல்லு கெடைச்சது சந்தோஷம். ஆனா அடுப்புக்குள்ள எல்லை இருக்காது. இது முன்னாடி எங்க இருந்துச்சும்மா?"

அப்போதுதான் இடம் முக்கியம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"உள்ள! சுவருக்கு உள்ள!" என்றாள் நிம்வாகா. "புளியமரத்தடியில. என் கண்ணால பாத்தேன்." இன்னும் நான்கைந்து பேரும் பார்த்திருந்தார்கள். ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்த்திருக்கிறாள். கல் கிடந்ததாகச் சொன்ன இடங்கள் மூன்று, எல்லாமே சுவருக்குள்.

"இது உண்மையன்று," என்றார் ஊர்ஸ். முகம் சிவந்திருந்தது. கோப்பைத் திறந்து, எந்தத் தாளை எடுப்பது என்று தெரியாமல் மூடினார்.

"தலைவி சொல்லட்டும். உங்க அடுப்பு, உங்க கல்லு," என்றார் முதிண்டா.

அத்தையின் கண் கல்லிலிருந்து மெதுவாகக் கிளம்பி ஆட்டிடம் போனது. அங்கே நின்றது. பிறகு கோழிக்கூடு, கக்கூஸ், சமையல்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சுவரில் போய் முட்டியது. நான் நாடாவைப் பிடித்த அதே பாதை. கல் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு இந்த நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது என்று தெரிந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இதுவும் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"எத்தன நாளா?"

"பத்து நாளா."

"ஊமச்சி," என்றார். திட்டியதா என்று சொல்ல முடியவில்லை. முதிண்டாவிடம் திரும்பினார். "சர்வேயரே, அது இவன் சுவருக்குள்ள இருந்துச்சுன்னு நான் சொன்னா?"

"அவரு மறுப்பாரு. கோர்ட்டுக்குப் போகும்."

"நான் நிச்சயமாக மறுப்பேன்," என்றார் ஊர்ஸ்.

"நீ சும்மா இருய்யா. கோர்ட்டுன்னா எத்தன நாளு?"

"நாளா?" முதிண்டா யோசித்தார். "என்கிட்ட இருக்கறதுலயே சின்ன கேஸுக்கு இப்ப ஒம்பது வருஷம்."

"எடத்துக்காரங்களே மறுக்கலன்னா?"

"இன்னைக்கே முளை அடிச்சிருவேன். இப்பவே."

அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடல் பக்கம் பார்த்தார். சுவரும் கக்கூஸும்தான் தெரிந்திருக்கும். "மிஷி," என்று என்னைக் கூப்பிட்டார். "வத்தறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

கைபேசியைப் பார்த்தேன். "நாப்பது நிமிஷம்."

"சமையல்கட்டு ஓலையப் பிரிக்க நாப்பது நிமிஷம் போதுமாடி நிம்வாகா?"

"எதுக்குக்கா ஓலையப் பிரிக்கணும்?"

அத்தை ஆட்டிடம் போய் முடிச்சை அவிழ்த்தார். மந்திரி விடுதலையை நம்பாமல் அங்கேயே நின்றது. அதை முழங்காலால் தள்ளிவிட்டுக் கம்பியைக் காலால் தட்டிக் காட்டினார்.

"கல்யாணமான வருஷம். நல்ல அடுப்புக்கல்லு இல்லன்னு அழுதேன். என் புருஷன் இங்கேயிருந்து ஒண்ணப் புடுங்கிக் குடுத்தான். கம்பி வரல. அந்த மனுஷனுக்கு எந்த வேலையையும் முழுசா முடிக்கத் தெரியாது."

முதிண்டா குனிந்து கம்பியைச் சுரண்டினார். நாடாவின் முனையை அதில் மாட்டி, நான் போன வழியிலேயே நடந்து, சோற்றுப்பானையைத் தாண்டிச் சுவரைத் தொட்டார்.

"ஆறு மீட்டர்," என்றார். "பதினொண்ணு."

"பதினொன்று," என்றார் ஊர்ஸ். ஒரு வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, மிக மெதுவாக.

முதிண்டா நாடாவின் நடுப்பகுதிக்கு வந்து நின்றார். கையில் முளையும் சுத்தியலும். எதிரே நீலக் கதவு. ஒரு மணி நேரம் முன்பு அதற்குள்ளிருந்து வழுக்கவில்லை என்று பதில் சொன்னவர். சுத்தியலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு தென்னையைப் பார்த்தார். பெண்களும் தென்னையைப் பார்த்தார்கள்.

"என்னடி எல்லாரும் வாயில பாசிய அடச்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் அத்தை. "செயலாளரே, நோட்ட எடு. எழுது. இந்தத் தடவ எதையும் விடாம எழுதிச் சத்தமா வாசி."

எழுதினேன். வாசித்தேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக.

"கடலுக்குப் போற பொதுவழி மேஜுமாவோட கக்கூஸ் வழியாப் போகுது."